தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்: அறிவிப்பைப் படிப்பது முதல் ஒப்பந்தம் வரை

போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பின் சில ஆண்டு செய்யும் ஆய்வுப் பணி, பற்றிய அறிவிப்பு கண்ணில் பட்டதும் பலரும் முதலில் ஆய்வுத் தலைப்பைப் பார்ப்பார்கள், பிறகு நாட்டை, பிறகு கடைசித் தேதியை. இந்த மூன்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தச் சம்பளம் யாருடைய பணம்? எத்தனை மாதம் வேலை, எவ்வளவு சுதந்திரம், பேப்பர் வெளியிடத் தடை வருமா, கிளம்பும்போது எதைக் கையோடு கொண்டுபோகலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த விடையிலேயே இருக்கும்.

தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். மியூனிக், டெல்ஃப்ட், டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள், சூரிச்சின் இ.டி.எச்., ஸ்டாக்ஹோமின் கே.டி.எச்., ட்ரொன்ட்ஹெய்மின் என்.டி.என்.யு., இந்தியாவின் ஐ.ஐ.டி.கள் என எங்கே பார்த்தாலும் ஆய்வில் பெரும்பகுதி ஏதோ ஒரு திட்டத்தின் பெயரில், ஒரு காலக்கெடுவுக்குள், பல சமயம் ஒரு தொழில் நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு நடக்கிறது. போஸ்ட்டாக் அந்தத் திட்டத்துக்குள் வந்து உட்காருகிறார்.

முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருப்பவர்களையும், பட்டம் வாங்கி ஓரிரு ஆண்டு ஆனவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். துறை எதுவானாலும் வழி ஏறத்தாழ ஒன்றுதான்.

படி 1: எந்த வகைப் பணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் வகை, பேராசிரியர் வென்ற கிராண்டிலிருந்து (போட்டியிட்டுப் பெற்ற ஆய்வு நிதி) வரும் பணியிடம். விளம்பரமாகும் இடங்களில் பெரும்பாலானவை இவைதான். ஆய்வுக் கேள்வி முன்பே எழுதி ஒப்புதல் வாங்கப்பட்டிருக்கும். அதை முடித்துக்கொடுப்பது உங்கள் வேலை. வேலை ஒப்பந்தம், மாதச் சம்பளம், சமூகப் பாதுகாப்பு எல்லாம் ஒழுங்காக இருக்கும். சுதந்திரம் குழுத்தலைவரின் மனதைப் பொறுத்தது.

இரண்டாவது, நீங்களே போட்டியிட்டு வெல்லும் ஃபெலோஷிப். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப், ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெலோஷிப், ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். ஃபெலோஷிப் போன்றவை. யோசனை உங்களுடையது, பணமும் உங்கள் பெயரில் வருகிறது. பேராசிரியருக்குச் செலவில்லாமல் ஆள் கிடைப்பதால் பெரிய குழுக்கள்கூடக் கதவைத் திறக்கும். ஆனால் இவற்றில் சில சம்பளமாக வராமல் உதவித்தொகையாக வரும். வேலை ஒப்பந்தம் இல்லாத உதவித்தொகையில் ஓய்வூதியப் பங்களிப்பும் வேலையிழப்புக் காப்பீடும் பொதுவாகச் சேராது. மருத்துவக் காப்பீட்டையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கலாம். கையில் வரும் தொகையை மட்டும் வைத்து ஒரு சம்பளத்தோடு இதை ஒப்பிடாதீர்கள்.

மூன்றாவது, பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியில் தரும் இடம். சில ஐ.ஐ.டி.களின் நிறுவன போஸ்ட்டாக் ஃபெலோஷிப் இந்த வகை. எண்ணிக்கை குறைவு. கூடவே கற்பித்தல் பொறுப்பும் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்வது? என் கருத்து இதுதான்: புதிய உத்தி ஒன்றைக் கற்க வேண்டும், உடனே வேலையும் வேண்டும் என்றால் முதல் வகை. இரண்டு மூன்று ஆண்டுகளில் தனிக் குழு அமைக்கும் எண்ணம் இருந்தால், ஆறேழு மாதம் காத்திருக்க நேர்ந்தாலும் இரண்டாவது. பலர் முதல் வகையில் சேர்ந்துகொண்டு அங்கிருந்தபடியே இரண்டாவதுக்கு எழுதுகிறார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது.

படி 2: உங்கள் கடிகாரத்தைக் கணக்கிடுங்கள்

பட்டம் பெற்ற நாளிலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. மேரி கியூரிக்குப் பட்டத்துக்குப் பின் 8 ஆண்டு வரம்பு உண்டு. ஹம்போல்ட்டின் போஸ்ட்டாக் பிரிவுக்கு 4 ஆண்டு. அதைத் தாண்டினால் அனுபவமுள்ள ஆய்வாளர் என்ற வேறு பிரிவு. ஸ்வீடன் பல்கலைக்கழகங்கள் போஸ்ட்டாக் பணியிடத்துக்குப் பொதுவாக 3 ஆண்டுக்குள் பட்டம் பெற்றவர்களுக்கு முன்னுரிமை தருகின்றன. ஜெர்மனியில் கடிகாரம் வேறு மாதிரி: கல்விப்புலத் தற்காலிக ஒப்பந்தச் சட்டப்படி, பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு என்பது மேல்தகுதி பெறுவதற்காகத் தரப்படும் தற்காலிகப் பணிக்கு அடிப்படை வரம்பு. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு, நீண்ட நோய் ஆகியவற்றுக்குப் பல திட்டங்களில் நீட்டிப்பு உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், ஆவணத்தோடு.

இனி அந்தப் பொறி. மேரி கியூரியின் இடப்பெயர்வு விதிப்படி, விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் நீங்கள் சேர விரும்பும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. ஒரு நாட்டில் திட்டப் பணியில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு கழித்து, அதே குழுவில் தொடர மேரி கியூரிக்கு எழுதலாம் என்று நினைப்பவர் தகுதியை இழந்திருப்பார். முதல் ஆண்டிலேயே, 12 மாதம் நிறைவதற்குள் வரும் சுற்றில் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் வேறு நாட்டுக்கு எழுத வேண்டும். சுற்று வழக்கமாகச் செப்டம்பரில் மூடும், முடிவு அடுத்த பிப்ரவரி வாக்கில் வரும். ஹம்போல்ட்டுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதை அதன் தளத்தில் பாருங்கள். விதிகள் சுற்றுக்குச் சுற்று திருத்தப்படுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பையே படியுங்கள். சீனியர் சொன்ன கணக்கு அவர் காலத்துக் கணக்கு.

விசாவுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. அமெரிக்காவின் ஜே-1 ஆய்வறிஞர் பிரிவில் உச்சம் 5 ஆண்டு. அந்தப் பிரிவில் இருந்து முடித்தவர் மீண்டும் அதே பிரிவில் வர 24 மாதம் காத்திருக்க வேண்டும். சிலருக்கு, நிதி மூலத்தையும் துறையையும் பொறுத்து, 2 ஆண்டு தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் சேரும். பணம் யாருடையது என்ற கேள்வி இங்கேயும் குறுக்கே வருகிறது பாருங்கள்.

படி 3: தேடும் இடங்கள்

இதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். ஐரோப்பா முழுமைக்கும் யூராக்சஸ், நெதர்லாந்துக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர், நார்வேக்கு ஜாப்நார்கே, பிரிட்டனுக்கு ஜாப்ஸ்.ஏசி.யுகே, கணிதம் இயற்பியலுக்கு அகாடமிக் ஜாப்ஸ் ஆன்லைன். இவற்றில் துறைச் சொற்களைக் கொடுத்து மின்னஞ்சல் அறிவிப்பை இயக்கிவிட்டால் போதும். அதோடு நீங்கள் மதிக்கும் பத்துப் பன்னிரண்டு குழுக்களின் பட்டியலைத் தயாரித்து, அவர்களின் பக்கங்களை மாதம் ஒருமுறை பாருங்கள். நல்ல இடங்களில் கணிசமானவை விளம்பரத்துக்கு வரும் முன்பே மாநாட்டுப் பேச்சிலோ இரு பேராசிரியர்களுக்கு இடையேயான ஒரு மின்னஞ்சலிலோ பாதி தீர்மானமாகிவிடுகின்றன. நியாயமா என்றால் இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சில் உங்கள் பெயர் அடிபடும்படி இருப்பது உங்கள் கையில் கொஞ்சம் இருக்கிறது. அதை 5ஆம் படியில் பார்ப்போம்.

போலி அறிவிப்புகள் வருகின்றன. போஸ்ட்டாக் விண்ணப்பத்துக்குக் கட்டணமோ, பணி உறுதிக்கு முன்பணமோ, விசாவுக்கென்று முகவர் தொகையோ கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பேராசிரியரின் முகவரி பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளப் பெயரில் முடிகிறதா என்று பாருங்கள்.

படி 4: அறிவிப்பை வரிவரியாக வாசியுங்கள்

ஒரு கற்பனை அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். “சோடியம்-அயனி மின்கலங்களுக்கான கடினக் கார்பன் மின்வாய் பற்றிய ஆய்வுக்குப் போஸ்ட்டாக் தேவை. காலம் 1+1 ஆண்டு, முழுநேரம். மின்வேதியியல் மின்மறுப்பு அளவீட்டில் அனுபவம் அவசியம். சின்க்ரோட்ரான் அளவீட்டு அனுபவம் விரும்பத்தக்கது. தொழில்துறைப் பங்காளருடன் நெருங்கிப் பணியாற்ற வேண்டும். முனைவர் மாணவர்களை வழிநடத்த உதவ வேண்டும். விண்ணப்பங்கள் வரவர பரிசீலிக்கப்படும்.”

“1+1” என்றால் கையில் இருப்பது ஓராண்டு. இரண்டாம் ஆண்டு உங்கள் வேலையைப் பொறுத்ததா, நிதி வருவதைப் பொறுத்ததா என்று நேர்காணலில் கேட்க வேண்டும். முதலாவது என்றால் உங்கள் உழைப்பில் இருக்கிறது. இரண்டாவது என்றால் இல்லை.

“அவசியம்” என்பதும் “விரும்பத்தக்கது” என்பதும் வேறு வேறு. ஸ்வீடன், நார்வே போன்ற நாடுகளின் அரசுப் பல்கலைக்கழகங்களில், அவசியம் என்று எழுதியது இல்லாதவரைக் குழு எடுப்பது கடினம்; பேராசிரியருக்குப் பிடித்திருந்தாலும் நடைமுறை இடம் தராது. மாறாக, விரும்பத்தக்கவை ஐந்தில் இரண்டு இருந்தாலே எழுதலாம். எல்லாப் பெட்டியிலும் டிக் விழுந்தால்தான் விண்ணப்பிப்பேன் என்று ஒதுங்குபவர்கள் நிறையப் பேர். எழுதாமல் விட்டால் யாருக்கும் லாபமில்லை.

“தொழில்துறைப் பங்காளர்” என்ற சொல்லின் பின்னால் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கும்: காப்புரிமையும் வெளியீட்டுத் தாமதமும். முடிவுகளைப் பேப்பராக அனுப்பும் முன் நிறுவனத்துக்கு எத்தனை நாள் அவகாசம் என்பது அவர்களின் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். சில வாரமா, பல மாதமா என்று கேளுங்கள்.

தொழில்நுட்பத் தயார்நிலை எண் குறிப்பிடப்பட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். இது 1 முதல் 9 வரை உள்ள அளவுகோல். அடிப்படைத் தத்துவம் தெரியவந்த நிலை 1. உண்மைச் சூழலில் இயங்கி நிரூபணமான நிலை 9. இந்தத் திட்டம் 2இலிருந்து 4க்குப் போகிறது என்றால் பேப்பருக்கு வாய்ப்பு அதிகம். 5இலிருந்து 7க்கு என்றால் முன்மாதிரி, சோதனை ஓட்டம், அறிக்கை, கூட்டம் என்று காலம் போகும். தொழில்துறைக்குப் போக நினைப்பவருக்கு இது பொக்கிஷம். பேராசிரியர் வேலையைக் குறிவைப்பவர் யோசிக்க வேண்டும்.

“வரவர பரிசீலிக்கப்படும்” என்றால் கடைசித் தேதி வெறும் அலங்காரம்; இந்த வாரமே அனுப்புங்கள். இரண்டு வாரமே அவகாசம், தேவைகளோ ஒரே ஆளின் ஆய்வேட்டை அப்படியே படித்தது போல் குறுகலாக இருந்தால், உள்ளேயே ஆள் இருக்கலாம். உங்கள் சிவி தயாராக இருந்தால் அனுப்புங்கள். புதிதாக ஒரு வாரம் செலவழிக்க வேண்டாம்.

இனி பணத்தின் தடம். அறிவிப்பில் திட்டத்தின் பெயரோ நிதி நிறுவனத்தின் பெயரோ இருந்தால் பொதுத் தரவுத்தளத்தில் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத் திட்டங்கள் கார்டிஸ் தளத்தில் இருக்கும். ஜெர்மன் ஆய்வு நிதியத்தின் திட்டங்கள் கெப்ரிஸில், பிரிட்டனுடையவை கேட்வே டு ரிசர்ச்சில், ஸ்வீடனுடையவை ஸ்வீகிரிஸில். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கும் தனித் தேடல் பக்கம் உண்டு. திட்டம் எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது, சுருக்கம் என்ன, பங்காளிகள் யார் என்று பெரும்பாலானவற்றில் பார்க்கலாம். கார்டிஸில் பல திட்டங்களுக்கு ஒப்படைக்கப்பட்ட அறிக்கைகளும் கிடைக்கும்.

இந்தத் தேதிகள் நிறையச் சொல்லும். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் பெரிய கிராண்ட்கள் பல 5 ஆண்டு வரை ஓடும். மூன்றரை ஆண்டுக்கு முன் தொடங்கிய கிராண்டில் இப்போது போஸ்ட்டாக் கேட்கிறார்கள் என்றால், ஒன்றரை ஆண்டுதான் மிச்சம். ஒருவேளை முன்னால் இருந்தவர் கிளம்பிவிட்டார். ஏன் கிளம்பினார்? நல்ல வேலை கிடைத்தும் போயிருக்கலாம், பொறுக்க முடியாமலும் போயிருக்கலாம். குழுவின் பழைய உறுப்பினர் பட்டியலில் பெயரைப் பார்த்து அவரிடமே கேட்டுவிடலாம். அறிவிப்பை மட்டும் வாசித்தவருக்கும் இந்தத் தேதிகளைப் பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசம் நேர்காணலின் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

படி 5: அறிவிப்பு இல்லாத இடத்துக்கு எழுதுவது

பேராசிரியர்களின் அஞ்சல்பெட்டியில் “உங்கள் உலகப் புகழ்பெற்ற குழுவில் சேர ஆவல்” என்று தொடங்கும் கடிதங்கள் குவிந்துகிடக்கின்றன. எந்தக் குழுவுக்கும் பொருந்தும் கடிதம் எந்தக் குழுவிலும் படிக்கப்படுவதில்லை. ஒரு குழுவுக்கென்றே எழுதிய கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு, கடினக் கார்பன் மின்வாயில் முதல் சுழற்சியில் ஏற்படும் சோடியம் இழப்பு பற்றிய உங்கள் குழுவின் அண்மைப் பேப்பரில், துளைகளின் அளவு மாறும்போது மின்மறுப்பு எப்படி மாறும் என்ற கேள்வி திறந்தே விடப்பட்டிருந்தது. இதே அளவீட்டை லித்தியம் மின்கலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கும் முறை ஒன்றை என் முனைவர் ஆய்வில் உருவாக்கினேன். தரவும் நிரலும் பொதுவில் உள்ளன. வரும் மார்ச்சில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறேன். உங்களிடம் நிதியுள்ள இடம் இருக்கிறதா என்றும், இல்லையெனில் செப்டம்பர் சுற்றில் உங்கள் குழுவை ஏற்பிடமாகக் கொண்டு மேரி கியூரிக்கு விண்ணப்பிக்கச் சம்மதிப்பீர்களா என்றும் அறிய விரும்புகிறேன். இரண்டு பக்கச் சிவியும் ஒரு பக்கக் கருத்துருவும் இணைத்துள்ளேன்.”

அவர்களின் கேள்வி, உங்கள் கைத்திறன், தேதி, பணத்துக்கான வழி. இந்த நான்கும் போதும். புகழ்ச்சி ஒரு வரிகூட வேண்டாம். ஃபெலோஷிப் சுற்று மூட நான்கைந்து மாதம் இருக்கும்போது எழுதுங்கள். ஆகஸ்டில் எழுதினால் நல்ல பேராசிரியர் ஏற்கெனவே வேறு யாரையாவது ஏற்றிருப்பார். பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதன் பிறகும் மௌனம் என்றால் அடுத்த பெயருக்குப் போங்கள்.

படி 6: ஆவணங்கள்

*சிவி.* இரண்டு மூன்று பக்கமும் தனியாகப் பேப்பர் பட்டியலும். பிறந்த தேதி, திருமண நிலை போன்றவை அறிவிப்பு கேட்டால் மட்டும். ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் ஓர்கிட் எண் கட்டாயம் இருக்கட்டும். உங்கள் பெயரில் இன்னும் பத்துப் பேர் எழுதிக்கொண்டிருக்கலாம், முன்னெழுத்து முறையில் எழுதும் நமக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். பாஸ்போர்ட்டில் ஒரு வடிவம், பேப்பரில் ஒரு வடிவம், பட்டத்தில் இன்னொன்று என்று இருந்தால் சிவியிலேயே ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

பேப்பர்களை எண்ணிக்கையாகவும் இதழின் தாக்கக் காரணியாகவும் (இதழ் சராசரியாக எவ்வளவு மேற்கோள் பெறுகிறது என்ற எண்) காட்டும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது. ஆய்வாளரை இதழின் எண்ணை வைத்து அளக்கக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனத்தை எத்தனையோ பல்கலைக்கழகங்கள் ஏற்றிருக்கின்றன. முக்கியமான மூன்று பேப்பர்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் கீழும் அதில் நீங்கள் செய்தது என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். ஏழு பேர் சேர்ந்து எழுதிய பேப்பரில் அளவீடு யாருடையது, மாதிரியமைப்பு யாருடையது என்று படிப்பவருக்கு வேறெப்படித் தெரியும்? தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நிரல், கருவி வடிவமைப்பு, காப்புரிமை, தரவுத்தொகுப்பு எல்லாம் மதிப்புள்ளவை. நீங்கள் கட்டிய சோதனைக் கருவியை இன்னொரு லேப் பயன்படுத்துகிறது என்றால் அது ஒரு பேப்பருக்குச் சமம்.

*ஆய்வுத் திட்டம்.* இதில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் சரிகின்றன. “புதுமையான மின்வாய்ப் பொருள்களை ஆராய்ந்து நிலையான எதிர்காலத்துக்குப் பங்களிப்பேன்” என்று எழுதியவரைப் பற்றிப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. “முதல் 6 மாதத்தில், மூன்று வெவ்வேறு வெப்பநிலைகளில் தயாரித்த கார்பனை வைத்து, மின்மறுப்பில் தெரியும் இரண்டாவது அரைவட்டம் மேற்பரப்புப் படலத்திலிருந்து வருகிறதா, துளை நிரம்புவதிலிருந்து வருகிறதா என்று பிரித்தறிவேன், பிரிக்க முடியாவிட்டால் மூன்று மின்வாய்க் கலத்துக்கு மாறுவேன்” என்று எழுதியவரோடு நாளையே லேபில் வேலை தொடங்கலாம். வரிசை இப்படி இருக்கட்டும்: எந்தக் கேள்வி, இதுவரை நீங்கள் செய்தது, முதல் ஆறு மாதம், எது தவறலாம், தவறினால் என்ன வழி, அந்த லேபில் மட்டுமே இருக்கும் எது உங்களுக்குத் தேவை. இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். திட்டப் பணியிடமானால் அவர்களின் கேள்வியையே எடுத்துக்கொண்டு, கடைசியில் உங்கள் சொந்த யோசனைக்கு ஒரு பத்தி விடுங்கள். உங்களிடம் வேறு யோசனையும் உண்டு என்று அந்தப் பத்தி காட்டும்.

*முகப்புக் கடிதம்.* ஒரு பக்கம். சிவியைத் திருப்பிச் சொல்லாதீர்கள். அறிவிப்பில் “அவசியம்” என்று இருந்த ஒவ்வொன்றுக்கும் சான்று எங்கே என்று காட்டுங்கள். அவசியமான ஒன்று பாதிதான் இருக்கிறது என்றால் அதையும் இங்கேயே சொல்லி, எப்படி நிரப்புவீர்கள் என்று எழுதுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக, கேட்ட வரிசையில் சேருங்கள். பட்டச் சான்றிதழ் இன்னும் வரவில்லையா? வாய்மொழித் தேர்வு முடிந்தது என்று பதிவாளரிடமோ துறைத்தலைவரிடமோ ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். அது கையில் வரச் சில வாரம் ஆகலாம், அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

படி 7: பரிந்துரைப்பவர்கள்

மூன்று பெயர் தயாராக இருக்கட்டும். கைடு ஒருவர், மற்ற இருவர் உங்கள் வேலையை நேரில் பார்த்தவர்கள். பதவியைப் பார்த்து இயக்குநரையோ துணைவேந்தரையோ போடுவதால் பயனில்லை. “இவர் கடின உழைப்பாளி, நற்பண்புள்ளவர்” என்ற கடிதம் எதிராகத்தான் வேலை செய்யும். கடிதம் எழுதுபவருக்கு அறிவிப்பு, உங்கள் ஆய்வுத் திட்டம், சிவி, கடைசித் தேதி, அவர் மட்டுமே சொல்லக்கூடிய இரண்டு மூன்று நிகழ்வுகள் ஆகியவற்றை மூன்று வாரம் முன்பே அனுப்புங்கள். “அந்த வெற்றிடக் கசிவை நான் கண்டுபிடித்த விதம் நினைவிருக்கும் சார், அதைச் சொல்ல முடியுமா” என்று கேட்பதில் தவறேதுமில்லை.

கைடோடு உறவு சரியில்லை என்றால்? இது பலருக்கும் உள்ள சிக்கல்தான், வெளியே பேச மாட்டார்கள். கைடின் பெயர் இல்லாத விண்ணப்பம் கேள்வியை எழுப்பும்; ஆனால் கசப்பான கடிதத்தைவிட அது மேல். ஆய்வேட்டை மதிப்பிட்ட புறத்தேர்வாளர், இணையாசிரியர், ஆய்வுக்குழு உறுப்பினர் ஆகியோரைப் போடுங்கள். கேட்டால், “என் இப்போதைய வேலையை இவர்கள்தான் நெருக்கமாக அறிவார்கள்” என்பதோடு நிறுத்துங்கள். புகார் சொல்லத் தொடங்கினால் நேர்காணல் அங்கேயே திசைமாறிவிடும்.

நார்வேக்கு எழுதுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: அங்கே அரசுப் பணிக்கு விண்ணப்பித்தவர்களின் பட்டியல் பொதுமக்கள் கேட்டால் தரப்படக்கூடியது. பெயரை மறைக்கக் கோரலாம், ஆனால் அது ஏற்கப்படும் என்ற உறுதி இல்லை. இப்போதைய குழுவுக்குத் தெரியாமல் தேடுபவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 8: நேர்காணல்

வழக்கமான வடிவம்: 15 முதல் 20 நிமிடம் உங்கள் பேச்சு, பிறகு கேள்விகள், பிறகு குழுவினரோடு தனி உரையாடல். பேச்சில் மூன்றில் ஒரு பங்காவது அவர்களின் கேள்விக்குத் தரப்பட வேண்டும். முனைவர் ஆய்வு முழுவதையும் நாற்பது ஸ்லைடில் ஓட்டிக் காட்டுவது, பதற்றத்தில் எல்லோரும் செய்வது. ஒரே ஒரு முடிவை எடுத்து அதன் அடி வரைக்கும் போவது நல்லது.

வரக்கூடிய கேள்விகளில் இவை கனமானவை: உங்கள் ஆய்வேட்டில் எந்த முடிவை மறுபடி சோதிக்க விரும்புவீர்கள்? இந்த வரைபடத்தில் பிழைப்பட்டை ஏன் இவ்வளவு பெரிது? எங்கள் பேப்பரில் உங்களுக்கு உடன்பாடில்லாதது எது? கடைசிக் கேள்விக்கு “எல்லாமே சிறப்பு” என்று பதில் சொன்னால் வாய்ப்பு நழுவும். மரியாதையோடு மறுப்பது எப்படி என்று முன்பே ஒத்திகை பாருங்கள். பெரியவர் முன்னால் மறுத்துப் பேசாத பழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது தானாக வராது.

உங்கள் பக்கத்திலிருந்து கேட்க வேண்டியவை: சம்பளம் எந்தக் கிராண்டில், அது எந்த மாதம் முடிகிறது? முந்தைய போஸ்ட்டாக்குகள் இப்போது எங்கே? ஒரு பேப்பரின் முதல் வரைவு அனுப்பினால் எத்தனை நாளில் கருத்து வரும்? என் சொந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம்? முக்கியக் கருவி எத்தனை பேருக்குப் பொது, முன்பதிவுக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும்? கருவி பற்றிய இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வாரத்துக்கு அரை நாள்தான் கருவி கிடைக்கும் என்றால், இரண்டாண்டுத் திட்டம் நடைமுறையில் நாலாண்டுத் திட்டம்.

குழுவின் மாணவர்களோடு தனியே பேச நேரம் கேளுங்கள். மறுத்தால் அதுவே ஒரு பதில். கொடுத்தால், “இங்கே எப்படி இருக்கிறது” என்று பொதுவாகக் கேட்காமல், “கடைசியாக எப்போது விடுப்பு எடுத்தீர்கள், அதைப் பேராசிரியர் எப்படி எடுத்துக்கொண்டார்” என்று கேளுங்கள்.

படி 9: பணி உறுதி வந்த பிறகு

“உங்களை எடுத்துக்கொள்கிறோம்” என்ற மின்னஞ்சல் ஒப்பந்தம் ஆகாது. மனிதவளத் துறையிலிருந்து எழுத்தில் வரும் வரை பழைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள், வீட்டைக் காலி செய்யாதீர்கள். சில துறைகளில் கூடுதல் பாதுகாப்புச் சோதனையும் உண்டு. பிரிட்டனில் பல நாட்டவர்கள், இந்தியர்கள் உட்பட, குறிப்பிட்ட அறிவியல் தொழில்நுட்பத் துறைகளில் சேர விசாவுக்கு முன் ஏடாஸ் என்ற ஒப்புதல் பெற வேண்டும். வேறு நாடுகளிலும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இத்தகைய சோதனை வந்துகொண்டிருக்கிறது. ட்ரோன், குறைக்கடத்தி, அணுசக்தி, குறியாக்கம் போன்ற துறைகளில் இருப்பவர்கள் சேரும் தேதியை இழுத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தில் பேரம் எந்த அளவு முடியும் என்பது நாட்டைப் பொறுத்தது. ஜெர்மனியில் பொதுத்துறை ஊதிய அட்டவணைப்படி போஸ்ட்டாக் வழக்கமாக 13ஆம் நிலையில் வருவார். நிலையில் பேரமில்லை, ஆனால் அனுபவத்தை வைத்து அந்த நிலைக்குள் எந்தப் படிக்கட்டில் தொடங்குவது என்பதில் பேச இடமுண்டு. முனைவர் ஆய்வுக் காலத்தில் வேலை ஒப்பந்தத்தில் இருந்தவர் அதற்கான சான்றைக் கொண்டுபோனால், அந்த ஆண்டுகள் அனுபவமாகக் கணக்கில் வரக்கூடும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் கொடுக்க வேண்டும். இடமாற்றச் செலவு, விசாக் கட்டணம், முதல் மாதத் தங்குமிடம் ஆகியவற்றைத் தயங்காமல் கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் வரவேற்பு மையம் தரும் உதவி பேராசிரியருக்கே தெரியாமல் இருப்பதுண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் டென்மார்க், அயர்லாந்து தவிர்த்த நாடுகளில், ஆய்வாளர் அனுமதியில் வந்து ஆய்வை முடித்தவர் வேலை தேடவோ தொழில் தொடங்கவோ குறைந்தது 9 மாதம் தங்க 2016ஆம் ஆண்டின் நெறிமுறை வழிசெய்கிறது. ஆனால் அது ஆய்வாளர் வகை அனுமதி பெற்றவருக்கு. வேறு வகை அனுமதியில் உங்களைக் கொண்டுவரப் பார்த்தால், ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்திடும் முன் இன்னும் ஒன்றைப் பேசிவிடுங்கள்: கிளம்பும்போது எதை எடுத்துச் செல்லலாம். நீங்கள் எழுதும் நிரல் யாருடையது, மாதிரிகளின் பாதியைக் கொண்டுபோகலாமா, எந்தக் கேள்வியை நீங்கள் தனியாகத் தொடர்ந்தால் குழுத்தலைவர் போட்டியாக எடுத்துக்கொள்ள மாட்டார்? வேலைநேரத்தில் உருவாகும் நிரலும் கண்டுபிடிப்பும் பல இடங்களில் பல்கலைக்கழகத்துக்கோ பங்காளி நிறுவனத்துக்கோ சேரும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். ஆய்வுத் திசை பற்றி மட்டும் எந்த ஒப்பந்தமும் பேசாது. அதைப் பேராசிரியரிடம் பேசி, பேசியதை அன்றே ஒரு சிறு மின்னஞ்சலாகச் சுருக்கி அனுப்பி, அவர் “சரி” என்று பதில் போட்ட பிறகு கையெழுத்திடுங்கள்.